நார் இருக்கிறது, நிலம் இல்லை

மாலை நான்கரை மணி. எட்டியாந்தோட்டைப் பக்கத்து மலையொன்றின் கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் வரிசை நீண்டு நிற்கிறது. இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் முதுகிலிருந்து இறக்கிவைப்பவை எல்லாம் நைலோன் சாக்குகள். சிலவற்றில் உரக் கம்பனியின் எழுத்துகள் இன்னும் அழியவில்லை. வரிசையின் கடைசியில் வந்தவர் மட்டும் தலைக்கயிற்றை நெற்றியிலிருந்து கழற்றி, ஒரு பிரம்புக் கூடையை இறக்கினார். அதன் விளிம்பு நைந்து, நீல நிறக் கயிற்றால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. அடிப்பாகம் இரண்டு முறை மாற்றி முடையப்பட்டது என்பது பார்த்த உடனே தெரிந்தது.

"கையை விட்டுப் பாருங்க தம்பி" என்றார். முதலில் பக்கத்துச் சாக்கு ஒன்றுக்குள் கையை விட்டேன். நடுவில் கொழுந்து வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல் கண்ட பிள்ளையின் கழுத்தைத் தொட்டதுபோல. அவருடைய கூடைக்குள் அந்தச் சூடு இல்லை. "கூடைக்கு மூச்சு இருக்கு. சாக்குக்கு ஏது?"

அந்தக் கூடையை முடைந்தவர் அவருடைய மாமனார். எழுபதைத் தாண்டியவர். லயத்தின் கோடிக் காம்பராவில் இருக்கிறார். அவர் கூடை முடைந்து நாலைந்து வருடமாகிறது. கை நடுங்குகிறதா என்று கேட்டேன். இல்லையாம். "மூங்கில் கெடைக்கல" என்றார். அவ்வளவுதான் பதில்.

மலையகக் கைத்தொழில் அழிகிறது என்று எழுதும்போது இளைஞர்களுக்கு ஆர்வமில்லை, நாகரிகம் வந்துவிட்டது என்றே பெரும்பாலும் எழுதிவிடுகிறோம். சப்ரகமுவத் தோட்டங்களைச் சுற்றிவந்த பிறகு எனக்கு அந்தக் காரணங்களில் நம்பிக்கை இல்லை. கை இருக்கிறது, கண் இருக்கிறது, நாரும் கண்ணெதிரே வளர்கிறது. அந்த நாரைத் தொட உரிமைதான் இல்லை.

கூடை ஏன் முதுகை விட்டு இறங்கியது?

காரணங்கள் எளியவை. சாக்கு மலிவு. மடித்து இடுப்பில் செருகலாம். மழையில் ஊறினாலும் கனக்காது. கூடை அப்படியில்லை, ஊறினால் அதன் எடையே கூடிவிடும். தராசில் கூடைக்கென்று ஒரு கழிவு, தண்ணீருக்கென்று ஒரு கழிவு என்று கிலோக் கணக்கில் வெட்டப்படும் இடங்களில் ஒவ்வொரு கிராமும் வயிற்றோடு சம்பந்தப்பட்டது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தது. அதை முழுப் பேராக வாங்குவதற்கு நாளுக்கு இத்தனை கிலோ என்ற எல்லையைத் தொட வேண்டும். கனம் குறைந்த ஏனத்தைத் தேடிப் போன பெண்களிடம் குறை காண யாருக்கும் அருகதையில்லை.

ஆனால் இழப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பறித்த பிறகும் கொழுந்து சுவாசிக்கிறது, வெப்பத்தை வெளிவிடுகிறது. காற்றுப் போகாத சாக்கில் அமுக்கி அடைத்தால் அந்த வெப்பம் உள்ளேயே தங்கும். நசுங்கிய இலையின் சாறு வெளிவந்து, வாட்டுவதற்கு முன்னரே சிவக்கத் தொடங்கும். ஸ்டோருக்கு வந்த பிறகு எந்த இயந்திரத்தாலும் அதைத் திருத்த முடியாது. சப்ரகமுவத் தேயிலை தாழ்நிலத் தேயிலை. ஏறக்குறைய 2,000 அடிக்குக் கீழே, வெயிலும் புழுக்கமும் கூடிய நிலத்தில் வளர்வது. நுவரெலியாக் குளிரில் சாக்கு செய்யும் கேட்டை விட இங்கே செய்யும் கேடு அதிகம். கூடையின் கண்கள் வழியே காற்று ஓடியதால் இந்தப் பிரச்சினை ஒரு காலத்தில் இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. சில இடங்களில் பிளாஸ்டிக் பெட்டிகள் இப்போது அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் அவை லொறியில் ஏறும் பெட்டிகள். மலையிலிருந்து மடுவம் வரையான தூரத்துக்கு இன்னும் சாக்குத்தான்.

நாரைத் தேடிப் போனால்

கோடிக் காம்பராத் தாத்தா கூடைக்கு மூன்று வகை நாரைச் சொல்வார். முதலாவது பிரம்பு. சிங்களத்தில் வேவெல். கொழும்பிலிருந்து கண்டி போகும் வீதியில், வரக்காபொலையை எட்டும் முன்னர் வேவெல்தெனிய என்றோர் ஊர் வரும். பெயரிலேயே பிரம்பு இருக்கிறது. வீதியின் இரு பக்கமும் பிரம்பு நாற்காலிகளும் ஊஞ்சல்களும் தொங்கும். அதைக் கடக்காத பேருந்துப் பயணி இல்லை.

இரண்டாவது மூங்கில். அதிலும் ஈரவலயத் தாழ்நிலக் காட்டோரங்களில் புதராக எழும் மெல்லிய நாணல் மூங்கில். சிங்களவர்கள் 'பட்ட' என்பார்கள், கேரளத்து ஈற்றையின் உறவு. சுவர் மெல்லியதாக இருப்பதால் கணுவோடு பிளந்து சிம்பு எடுக்க எளிது. சுளகுக்கும் கூடைக்கும் இதுதான் தோது. மூன்றாவது கித்துள். அதன் மட்டையடியில் கறுப்பாக, குதிரை மயிர்போல விறைத்து நிற்கும் நார் கயிறுக்கும் தூரிகைக்கும் உதவும். பிரித்தானியர் காலத்தில் அது ஏற்றுமதிச் சரக்கு. ஐரோப்பாவின் தெருக்களைக் கூட்டிய தூரிகைகளில் நமது மலைகளின் கித்துள் நாரும் இருந்தது.

மூங்கிலைத் தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்பது தாத்தாவின் கட்டளை. வளர்பிறையில் வெட்டினால் உளுத்துப் போகுமாம். நிலவுக்கும் மூங்கிலுக்கும் என்ன தொடர்பு என்று நான் வாதாடவில்லை. துளைக்கும் வண்டு மூங்கிலின் மாச்சத்தைத் தேடித்தான் வருகிறது. வெட்டிய மூங்கிலைச் சில வாரம் ஓடையில் ஊறப்போட்டால் அந்தச் சத்துக் கரைந்துவிடும். அதையும் அவர் செய்வார். பிறகு கணுவைச் சீவி, நான்காகப் பிளந்து, ஒவ்வொரு பத்தையையும் தோல் வேறு வயிறு வேறாகப் பிரிப்பார். தோல் பக்கம் கூடையின் வெளிப்புறத்துக்கு. உள்வயிறு எரிக்க. அடியில் நட்சத்திரம்போலச் சிம்புகளைப் பரப்பி, குதிகாலால் மிதித்துக்கொண்டு ஊடை ஓட்டத் தொடங்குவார். நல்ல காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு கூடை. அடியும் வாய்க்கட்டும் தான் கஷ்டம், நடுவில் கை தானாக ஓடும் என்பார்.

இந்த மூன்று நாரும் சப்ரகமுவவில் இருக்கின்றன. ஆனால் பிரம்பு காட்டுக்குள் இருக்கிறது. சிங்கராஜக் காட்டைச் சுற்றிய கிராமங்கள் தலைமுறையாகப் பிரம்பும் மரமஞ்சள் கொடியும் எடுத்து வந்தவை. 1988இல் அந்தக் காடு உலக மரபுரிமையானது. இன்று உள்ளே கத்தியோடு போக முடியாது. போகவும் கூடாது என்பதே என் எண்ணம். பிரம்பு வளர ஏறிப் பிடிக்க ஒரு மரமும் பல வருடப் பொறுமையும் வேண்டும். ஒற்றைத் தண்டாக வளரும் வகையை வெட்டினால் அத்தோடு அது முடிந்தது.

மூங்கில் தோட்டத்துக்குள்ளேயே, ஓடைக்கரையில் நிற்கிறது. ஆனால் ஓடை தோட்டத்துக்குச் சொந்தம். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அவற்றை நடத்துகின்றன. 53 வருடக் குத்தகை, 2045 வரை. இருநூறு வருடமாக அந்த மலையைக் கொத்திய குடும்பத்துக்கு லயத்துக் காம்பராவே சொந்தமில்லை என்னும்போது ஓடைக்கரை மூங்கிலைப் பற்றிக் கேட்பதெப்படி? புதிய வீட்டுத்திட்டங்களில் ஒரு குடும்பத்துக்குச் சில பேர்ச் காணி. வீடும் கிணறும் கொஞ்சம் கீரைப்பாத்தியும் போக, அதில் ஒரு மூங்கில் புதருக்கு இடமில்லை.

▪ பெட்டிச் செய்தி: பிரம்பின் கணக்கு
இலங்கையில் 10 வகைப் பிரம்புகள் உள்ளன. அவற்றில் 7 வேறெங்கும் இல்லாதவை. உலகச் சந்தைக்குப் பிரம்பை அதிகம் தருவது இந்தோனேசியா. 2011 இறுதியில் அது பதப்படுத்தாத பிரம்பின் ஏற்றுமதியைத் தடை செய்தது. உள்ளூர்த் தச்சர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்பது அதன் கணக்கு. வெளிநாட்டுப் பிரம்பை நம்பிய பட்டறைகளுக்கு அது அடி.

மாணிக்கக் கூடை வாழ்கிறது

கூடையே செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் இரத்தினபுரிக்குப் போக வேண்டும். மாணிக்கக் குழியிலிருந்து மேலே வரும் 'இல்லம்' என்ற சரளைக்கல்லைக் கழுவ, அகன்ற வாயும் குவிந்த அடியும் கொண்ட கூடைகளை இன்றும் பயன்படுத்துகிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கூடையை நீரின் மேற்பரப்பில் வட்டமாகச் சுழற்றுவார்கள். களி கரைந்து கண்கள் வழியே வெளியேறும். இலேசான கல் விளிம்புக்கு வந்து சிதறும். கனத்த கற்கள் நடுவில் ஒடுங்கும். கடைசிச் சுழற்சிக்குப் பிறகு கூடையை வெயிலில் சாய்த்துப் பார்க்கும் அந்தக் கணத்தில் யாரும் பேச மாட்டார்கள்.

இந்தக் கூடையை நைலோன் சாக்கால் பதிலீடு செய்ய முடியவில்லை. தண்ணீரை விட்டுக் கல்லைப் பிடிக்கும் வேலையை அதன் முடைச்சல்தான் செய்கிறது. தேவை இருக்கும் இடத்தில் நார் எப்படியோ வந்து சேர்கிறது, வாங்குபவர் விலை கொடுக்கிறார், முடைபவர் முடைகிறார். கொழுந்துக் கூடைக்கும் இதே அளவு தேவை இருக்கிறது. அதற்கு விலை கொடுக்க வேண்டிய இடம் ஸ்டோர். ஆனால் கூடையை வாங்க வேண்டியவர் கொழுந்தெடுக்கும் பெண். நல்ல கொழுந்தின் இலாபம் ஓரிடத்தில், கூடையின் செலவு வேறிடத்தில்.

'கூடை' என்ற நமது சொல் சிங்களத்திலும் 'கூடய' என்று வழங்குகிறது. இரண்டு மொழிக்காரரும் ஒரே பொருளை ஒரே பெயரால் கைமாற்றிக்கொண்ட காலத்தின் மிச்சம் அது. 1977இலும் 1981இலும் 1983இலும் நடந்த இனக்கலவரங்களில் இதே மலைகளில் லயங்கள் எரிந்தன என்பதையும் மறக்க முடியவில்லை. காவத்தை, இறக்குவானைப் பக்கம் இருந்து வடக்கே வன்னிக்கு ஓடிய குடும்பங்களோடு எத்தனை முடைச்சல் கைகள் போயின என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

யானை தின்று கொடுத்த தாள்

கேகாலை மாவட்டத்தின் பெயரை நார்த்தொழிலில் உலகறியச் செய்தது கூடையல்ல, கடதாசி. ரம்புக்கனைக்கு அருகே பின்னவல யானைகள் சரணாலயம் 1975இல் தொடங்கப்பட்டது. தாயை இழந்த குட்டிகளுக்காக, ஒரு தென்னந்தோப்பில். இன்று மகாஓயாவில் யானைக் கூட்டம் குளிக்கும் காட்சிக்காக உலகமே வருகிறது. அந்த மாவட்டத்தில்தான் 1997இல் துசித ரணசிங்க 'மக்சிமஸ்' நிறுவனத்தைத் தொடங்கி, யானைச் சாணத்திலிருந்து தாள் செய்யலானார். 2006இல் பி.பி.சி.யின் உலக சவால் போட்டியில் அந்த முயற்சி முதலிடம் பெற்றது.

இதை வினோதம் என்று சிரித்துக் கடந்துவிடக் கூடாது. காகிதம் என்பது செடியின் நாரைப் பிரித்து, தண்ணீரில் மிதக்கவிட்டு, சல்லடையில் வடித்து, மறுபடி ஒன்றோடொன்று பின்னவிடுவது. கூடை முடைபவர் கையால் செய்வதைத் தண்ணீர் தானாகச் செய்கிறது. செடியின் நாரை மற்றப் பொருட்களிலிருந்து பிரிப்பதுதான் கடினமான வேலை. யானை நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி தின்னும். அதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளிவரும். தென்னோலை, கித்துள் தண்டு, பலா இலை என்று மென்று, குடலில் ஊறவைத்து, முதல்கட்ட வேலையை யானையே முடித்துத் தருகிறது.

மிச்சத்தை மனிதர்கள் செய்கிறார்கள். சாணத்தை வெயிலில் காயவைத்து, கழுவி, மணிக்கணக்கில் கொதிக்கவிடுவார்கள். கிருமியும் நாற்றமும் அதோடு போகும். கூழாக அரைத்து, பழைய கடதாசிக் கூழைக் கொஞ்சம் கலந்து, தொட்டியில் விட்டுச் சட்டச் சல்லடையால் அள்ளுவார்கள். அள்ளும்போது கை ஒரே சீராக அசைய வேண்டும். இல்லையென்றால் தாள் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். பிறகு அழுத்தித் தண்ணீர் பிழிந்து, காயவைத்து, தேய்த்து மினுக்குவார்கள். யானை எதைத் தின்றதோ அந்தச் சாயல் தாளில் இருக்கும். பல் தேய்ந்த கிழட்டு யானையின் தீனி நன்றாக அரைபடாது, தாளில் நார் நீளமாக ஓடும்.

▪ பெட்டிச் செய்தி: நாரும் தாளும்
தாள் செய்யும் முறையைச் சீனத்தின் சாய் லுன் கி.பி. 105இல் அரசவைக்கு அறிவித்தார் என்பது மரபு. மல்பெரி மரப்பட்டையும் சணலும் பழந்துணியும் மீன்வலையும் அவரது சரக்கு. ஜப்பானின் கைத்தாள் 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காந்தி 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தைக் கட்டி எழுப்பிய தஞ்சாவூர்த் தமிழர் ஜே.சி. குமரப்பா, கைத்தாளை முக்கிய தொழிலாக முன்வைத்தார். ஜெய்ப்பூருக்கு அருகே சங்கானேரில் உள்ள தேசியக் கைத்தாள் நிறுவனம் அவர் பெயரைத் தாங்குகிறது.

பின்னவலத் தாளின் இன்னொரு பலன் கண்ணுக்குத் தெரியாதது. யானையும் விவசாயியும் மோதும் நாடு இது. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் யானைகள் சாகின்றன, மனிதர்களும் சாகிறார்கள். யானையால் ஊருக்கு வருமானம் வரும் என்றால் அதைப் பார்க்கும் பார்வை மாறும் என்பது அந்த நிறுவனத்தின் வாதம். ஒரு பட்டறையால் அந்த மோதல் தீராது. ஆனாலும் அந்தத் திசையில் எடுத்து வைத்த அடி உண்மையானது.

எம்பிலிப்பிட்டியவும் 2022ம்

அதே சப்ரகமுவவின் தென்கோடியில், இரத்தினபுரி மாவட்டத்து எம்பிலிப்பிட்டியவில், அரசு ஒரு பெரிய காகித ஆலையை நடத்தியது. மூலப்பொருள் வைக்கோல். கிழக்கில் வாழைச்சேனை ஆலையும் வைக்கோலை நம்பித் தொடங்கியதுதான். வயலில் எரிக்கும் வைக்கோல் பிள்ளைகளின் கொப்பியாகும் என்ற கனவு நல்ல கனவு. ஆனால் வைக்கோலை இரசாயனத்தில் வேகவைத்தால் வரும் கறுப்பு நீரை என்ன செய்வது என்ற கேள்விக்கு எம்பிலிப்பிட்டியவில் சரியான பதில் இருக்கவில்லை. அது வளவை கங்கையை நாடிப் போனது. ஆலையும் காலப்போக்கில் மூடப்பட்டது.

அதன் விளைவை 2022 மார்ச்சில் நாடே பார்த்தது. டொலர் இல்லை, கடதாசி இறக்குமதி இல்லை. மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. 'தி ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. கைத்தாளால் அந்த ஓட்டையை அடைத்திருக்க முடியும் என்று சொல்ல மாட்டேன். ஒரு தாளை அள்ளிக் காயவைக்கும் கூலிக்கு ஆலைக் கடதாசி எத்தனையோ தாள் கிடைக்கும். கைத்தாள் கல்யாண அழைப்புக்கும் நாட்குறிப்புக்கும் சுற்றுலாப் பயணியின் பைக்கும் உரியது. சுற்றுலா நின்றால் அதுவும் நிற்கும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகும், கொரோனாக் காலத்திலும் கைவினைக்காரர்கள் எல்லோரும் அதை அனுபவித்தார்கள். ஆகவே தோட்டத்துப் பெண்களுக்குக் கைத்தாள் பழக்கிவிட்டால் போதும் என்று யாராவது திட்டம் கொண்டு வந்தால், தாளை வாங்கப்போவது யார் என்றே முதலில் கேட்க வேண்டும்.

பதிவேட்டில் இல்லாத கை

சப்ரகமுவவின் கைவினையைப் பற்றிப் பேசும்போது ஆனந்த குமாரசுவாமியை விட முடியாது. கலைமேதை என்று நாமறிந்த அந்தத் தமிழர் இங்கே வந்தது நிலவியலாளராக. 1903 முதல் 1906 வரை கனிமவள ஆய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளர். பலாங்கொடைப் பக்கத்து மணலில் கிடைத்த தோரியனைட் என்ற கனிமத்தை உலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர். கல்லைத் தேடி நடந்த அதே பாதைகளில் பாய் பின்னுபவர்களையும் அரக்குக் கடைபவர்களையும் கண்டார். 1908இல் அவர் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' 425 பிரதிகள் மட்டுமே அச்சானது. ஒரு சமூகத்தின் கைவேலையை அவ்வளவு பரிவோடு எழுதிய நூல் குறைவு.

அந்த நூலின் எல்லைக்குள் லயம் வராது. அவர் நடந்த காலத்திலேயே பக்கத்து மலைகளில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் இருந்தார்கள். அவர்கள் முடைந்த கூடையும் பின்னிய பாயும் எந்த நூலிலும் ஏறவில்லை. 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய அருங்கலைகள் பேரவை அமைந்தது. கைவினைஞர் பதிவும் பயிற்சியும் விருதும் அதன் பொறுப்பு. ஆனால் தோட்டத்தில் ஒருவருடைய தொழில் 'தொழிலாளி' என்றே எழுதப்படும். கூடை முடைவது அந்திநேர வேலை. அது தொழிலாகக் கணக்கில் வராது.

அக்கரையில் செய்தது

கேரளம் 1971இல் மாநில மூங்கில் கழகம் ஒன்றை அமைத்தது. காட்டிலிருந்து ஈற்றையை முறைப்படி வெட்டி, ஊரூராகக் கொண்டுபோய் முடைபவர்களிடம் கொடுத்து, முடைந்த பாயை வாங்கிக்கொள்வது அதன் வேலை. அந்தக் கழகத்துக்கும் ஆயிரம் குறைகள் உண்டு. ஆனால் முடைபவரின் முதல் பிரச்சினை நார்தான் என்பதை அது புரிந்துகொண்டது. இந்தியாவின் 2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலையும் பிரம்பையும் சிறு வனமகசூல் என்று வகுத்து, காட்டை நம்பி வாழ்பவர்களுக்கு அதில் உரிமை தந்தது. 2017இல் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் 'மரம்' என்ற சட்டப் பிடியிலிருந்தே விடுபட்டது.

கர்நாடகத்தின் மலைமகாதேஸ்வரா மலையில் இன்னொரு வழி கண்டார்கள். பிரம்பும் மூங்கிலும் அருகியபோது, சோலிகர் பழங்குடியினர் காட்டை மூடிப் படரும் உண்ணிச்செடியின் தண்டை வேகவைத்து, தோலுரித்து, நாற்காலியும் கூடையும் செய்யப் பழகினார்கள். உடவளவைத் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி இரத்தினபுரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே யானைகளின் புல்வெளியைத் தின்றுகொண்டிருப்பதும் இதே உண்ணிச்செடி. வெட்டினால் காட்டுக்கும் நல்லது. வெட்டும் கைகள் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கின்றன.

தோட்டங்களில் தேயிலை போடாத தரிசு இருக்கிறது. ஓடைக்கரைகள் இருக்கின்றன. 2016 மே மழையில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தது, புளத்கொஹுபிட்டியவில் லயமொன்றே புதைந்தது. பெருஞ்சரிவை மூங்கில் தடுக்காது. ஆனால் கரை அரிப்பைத் தடுக்கும். கரையோரம் மூங்கில் நட்டு, அதை வெட்டும் உரிமையை லயத்துக் குடும்பங்களுக்கு எழுத்தில் கொடுத்து, முடையும் கூடையை ஸ்டோரே விலைக்கு வாங்கினால் போதும். இதற்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. குத்தகைப் பத்திரத்தில் ஒரு பத்தி போதும்.

திரும்பி வரும் வழியில் கோடிக் காம்பராவுக்கு மறுபடி போனேன். தாத்தா மருமகளின் கூடையை மடியில் வைத்து, நைந்த விளிம்பில் நீலக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ விரல் தடிமன் பிரம்பு ஒரு முழம் கிடைத்திருந்தது. அதை நனைத்து வளைத்தார். ஓரிடத்தில்கூட முறியவில்லை. பேரன் பக்கத்தில் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்திருந்தான்.

எழுந்து புறப்பட்டபோது அவர் தலை நிமிராமலே கேட்டார்: "அந்த ஆத்தோர மூங்கில் ரெண்டு வெட்டணும்னா யாருகிட்ட எழுதிக் குடுக்கணும்? அத மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க தம்பி. தேய்பிறை இன்னும் ஒம்பது நாள் இருக்கு."